மொன்ரால்வோவின் கைக்கு ஒரு காவடி

வாகீசன் ஆசைப்பட்டு பேஸ்போல் பார்க்கத் தொடங்கியவர் அல்ல. கனடாவுக்கு வந்த முதற் கோடையில் அவர் இருந்த நிலக்கீழ் பேஸ்மன்ற் அறையில் ஒரு பழைய ரீவி கிடந்தது. வேலை முடிந்து வருகிற நேரத்தில் அதில் ஒழுங்காகத் தெரிகிற ஒரே சனலில் பேஸ்போல்தான் போய்க்கொண்டிருக்கும். அடித்தவன் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான் என்பது விளங்கவே கன நாள் எடுத்தது. விளங்கிய பிறகு விட முடியவில்லை. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மோர்னிங்சைட்டில் வீடு, பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிற வேலை. ரொறன்ரோ அணி வென்ற நாளில் மனுசன் இன்னும் ஒரு அகப்பைச் சோறு கேட்கும் என்று மனைவி குணவதி சொல்லுவா.

சனிக்கிழமைக் காலைகளில் அவருக்கு ஒரு மேசை உண்டு. வீட்டுக்குக் கிட்டவுள்ள கோப்பிக் கடையில் யன்னலோர மேசை. மற்ற இரண்டு கதிரைகளில் மிசிசாகாவில் விமான நிலைய வேலைக்குப் போகிற ஸ்ரீஸ்கந்தராசா என்கிற சிறி அண்ணையும், லொறி ஓட்டுகிற மன்னார் சீமோனும் இருப்பார்கள். அணியை வாங்கி நடத்துகிறவர்கள் தாங்கள்தான் என்பதுபோல் கதை நடக்கும்.

அந்த ஜூன் மாதம் அணி தோற்றுத் தோற்றே வந்தது. அணியின் பந்து எறிகாரன் மொன்ரால்வோவின் முழங்கை நோவுதான் பேச்சு.

"உவன்ரை கை பழுதாப் போட்டுது. வாங்க ஆளிருக்கேக்கையே தள்ளிவிடவேணும்," என்றார் சிறி அண்ணை.

"நொந்த கையை ஆர் அண்ணை வாங்குவான்?" என்றான் சீமோன்.

"ஏன், போன வருசம் முழங்கால் இல்லாத ஒருத்தனை நாங்கள் வாங்கேல்லையே?"

"அது நீங்கள் சொன்னபடியாத்தான் வாங்கினவங்கள் போலை."

வாகீசன் கோப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் ஆற விட்டாச் சுகம் வரும்," என்றார்.

"நீர் என்ன, அவன்ரை டொக்டரோ?"

சில வருடங்களுக்கு முன் வேலையில் ஒரு பலகைத் தட்டு சரிந்து விழுந்ததில் வாகீசனுடைய வலது முழங்கையும் போனது. வெட்டித் தைத்தார்கள். அப்போது வேலை செய்த இடத்தில் கொஞ்சநாள் கதிரையில் இருக்கிற வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வரவேண்டாம் என்று விட்டார்கள். பிறம்ரன் வேலை கிடைக்கும்வரை குணவதியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதை அந்த மேசையில் அவர் ஒருநாளும் கதைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் நின்று நேர்த்தி வைத்தார். மொன்ரால்வோவின் கை சுகமானால் தேர்த் திருவிழாவில் காவடி எடுப்பேன் என்று. தன் கைக்குக்கூட அவர் நேர்ந்ததில்லை. திரும்பி வரும்போது காரை ஓட்டிக்கொண்டிருந்த குணவதியிடம் சொன்னார்.

"பிள்ளையளுக்கு எண்டா விளங்கும். உது ஆருக்கப்பா?"

"ஒரு பெடியனுக்கு."

"எந்த ஊர்?"

"டொமினிக்கன்."

சிவப்பு லைற்றில் கார் நின்றது. "சரி, முருகனுக்குத் தெரியாத ஊரே," என்றா குணவதி.

மொன்ரால்வோவின் கை சுகமானது. ஜூலையில் அவன் எறிந்த எறியை அடிக்க ஆளில்லை. அதுதான் பிழையாய்ப் போனது. கை சுகமானவுடன் அவனுக்கு விலை ஏறியது. ஆட்களை மாற்றுகிற கெடு முடிய முன்னம், இரண்டு இளம் பெடியன்களை வாங்கிக்கொண்டு ஓர் அமெரிக்க அணிக்கு அவனைக் கொடுத்துவிட்டார்கள். துக்கம் தாங்காமல் வாகீசன் நேர்த்திக் கதையை மேசையில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப நீர்தான் விலையை ஏத்திக் குடுத்தது," என்றார் சிறி அண்ணை.

"விக்கச் சொன்னது நீங்கள் அண்ணை."

"நான் விக்கச் சொன்னது பழுதான கையை. நீரெல்லோ திருத்திக் குடுத்திருக்கிறீர்."

இதோடு முடிந்திருந்தால் பகிடியாகவே போயிருக்கும். ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மட்சுக்குச் சீமோன் வசந்தத்திலேயே மூன்று பேருக்கும் ரிக்கற் எடுத்து வைத்திருந்தான். வரப்போவது மொன்ரால்வோவின் புது அணி. அன்று எறியப் போவதும் அவனேதான். முருகன் கோயில் தேரும் அதே சனிக்கிழமை.

வாகீசனுக்கு அவன் எறிவதை ஒருக்கா நேரில் பார்க்கவேண்டும். ரீவியில் பார்த்த கை அது. அந்தக் கை நோவில்லாமல் மேலே போய் வருவதைக் கண்ணால் காணவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"மட்சுக்கு வா மச்சான்," என்றான் சீமோன். "எங்கடை ஆக்கள் எண்டா மாதாவுக்குப் பேந்து ஒருநாள் மெழுகுதிரி கொளுத்திச் சமாளிப்பம்."

"தேர் பேந்து ஒருநாள் வராது."

"அடுத்த வருசம் வரும்தானே. அண்டைக்கு நீ காவடி எடுத்தா அவன்ரை கை இன்னும் நல்லா ஓடும். எங்களுக்கு எதிரா எறியிறானடா."

சீமோன் பகிடி விடவில்லை. நேர்த்தியை மூன்று பேரிலும் கூட நம்பினவன் அவன்தான். சிறி அண்ணைக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கோபம் இருந்தது. "எதிரிக்குக் காவடி எடுக்கிறவர் இனி இந்த மேசைக்கு வரத் தேவையில்லை," என்றார். யாரும் சிரிக்கவில்லை. வாகீசன் தன் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

தேரன்று வெயில் எரித்தது. கோயிலைச் சுற்றியிருக்கிற தொழிற்சாலைத் தெருவில் பொலிஸ் வாகனங்களை மறித்து விட்டிருந்தது. வெறுங்காலோடு வருகிறவர்களுக்காகத் தொண்டர்கள் தாரில் தண்ணீர் அடித்துக்கொண்டே போனார்கள். தவிலுக்கு ஆடும்போது காவடித் தண்டு வலது கையில்தான் பாரித்தது. பாதித் தூரத்தில் முழங்கை குத்தத் தொடங்கியது. தங்களுடைய அணிக்கும் முருகனிடம் ஒரு சொல்லுச் சொல்லிவிடச் சொல்லிச் சீமோன் முதல் நாள் தகவல் அனுப்பியிருந்தான். வாகீசன் சொல்லிப் பார்த்தார். வாயில் வரவில்லை. நேர்ந்தது ஒரு கைக்கு. அது எந்தச் சட்டைக்குள் இருக்கிறது என்று நேர்த்தியில் பேச்சே இல்லை.

பின்னேரம் வீட்டில் கையில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். குணவதி ரீவியைப் போடட்டோ என்று கேட்டா. வேண்டாம் என்றார். ரொறன்ரோ தோற்றதைப் பக்கத்து வீட்டுப் பெடியன்களின் சத்தத்தில் தெரிந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை போவதா விடுவதா என்று காருக்குள் கொஞ்சநேரம் இருந்துவிட்டுத்தான் கடைக்குள் போனார். அவருடைய கதிரையில் சிறி அண்ணையின் ஜக்கெற் கிடந்தது. சிறி அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார். வாகீசன் நின்றுகொண்டே சீமோனிடம் கேட்டார்.

"அவன் எறிஞ்சவனே?"

"எறிஞ்சவன். எங்கடை ஒருத்தனாலையும் தொட ஏலேல்லை."

"அதில்லை. அவனுக்குக் கை நொந்ததோ?"

சீமோன் யோசித்தான். "இல்லை மச்சான். எட்டாம் இன்னிங்ஸிலை அவனை மாத்த வந்தவங்கள். ஏலும் எண்டு தலையாட்டிப்போட்டு நிண்டு எறிஞ்சவன்."

வாகீசன் தலையை ஆட்டினார். சிறி அண்ணை கை நீட்டி ஜக்கெற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இருமன் காணும்," என்றார். "அவனைக் குடுத்து வாங்கின ரெண்டு பெடியங்களிலை ஒருத்தனுக்கும் பந்து பிடிக்கத் தெரியாது. அதை முதலிலை கதைப்பம்."