ரூத்தின் தாய்

சிரம்பானில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் காலையில் என்னைக் கண்டதும், "உன் மாமியார் சாப்பிட்டாரா?" என்று அரைகுறை மலாயில் கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மருமகள் பிறந்ததே மாமியாருக்குச் சமைக்கத்தான் என்பது அவள் எண்ணம். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குத்தான் சீதன வீடு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே வருவார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெல்லிப்பழையில் என் வீட்டுக்கு என் கணவர் அப்படித்தான் வந்தார். பிறகு அவருக்கு இங்கே ரெயில்வேயில் கிளாக்கர் வேலை கிடைத்துக் கப்பலேறினோம். விதவையான மாமியும் கூட வந்தார். போன வருஷம் மலேரியாக் காய்ச்சல் என் கணவரைக் கொண்டுபோய்விட்டது. "வீடு பூட்டிக் கிடக்கு, வா பிள்ளை" என்று ஊரிலிருந்து அம்மா சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார். மாமியோ மகனுடைய கல்லறையை விட்டு அசையமாட்டேன் என்கிறார். இருவருக்கும் நடுவில் நான் களைத்துப்போனேன்.

போன ஞாயிறு வேதாகம வகுப்பில் ரூத்தின் கதை. கணவனை இழந்த ரூத், தாய்நாட்டை விட்டு, மாமியார் நகோமியோடு நகோமியின் ஊருக்குப் போகிறாள். வகுப்பு நடத்தும் வெள்ளைக்கார மிஸ் என்னைக் காட்டி, "இதோ நம்முடைய ரூத்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மிஷன் பள்ளிக் காலத்திலிருந்தே வேதத்தைக் கதையாக வாசிக்கும் பழக்கம் எனக்கு. எழுதியதைப் போலவே எழுதாமல் விட்டதையும் தேடுவேன். "ரூத்துக்கும் ஒரு தாய் இருந்தாளே மிஸ். கதை அவளை ஒரு சொல்லில் தாண்டிப் போகிறது, பேர்கூட இல்லை. மகள் போன பிறகு அவள் என்ன செய்திருப்பாள்?" என்று கேட்டேன். மிஸ் என் தோளைத் தொட்டு, "உனக்கு விசுவாசம் தளர்ந்திருக்கிறது, ஜெபிப்போம்" என்றார். நான் கேட்டது அதுவல்ல. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாமிக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன்.

"உவள் நகோமிக்கு என்ன, தன்ரை ஊருக்கெல்லோ போறாள். கூடப் போறவளுக்குத்தான் கஷ்டம்" என்றார் மாமி. "நீ போ பிள்ளை. கொம்மா பாத்துக்கொண்டிருப்பா."

"நீங்களும் வாங்கோ மாமி."

"என்ரை பிள்ளை இஞ்சை கிடக்கிறான். நான் எப்பிடி வாறது?"

அன்று மாமி சோற்றைத் தொடவில்லை. அவரைத் தனியே விட்டுப் போக என்னால் முடியாது. அது பக்தியுமில்லை, பெருந்தன்மையுமில்லை. என் கணவரின் சாடை உள்ள முகம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் யாராவது தெல்லிப்பழைப் பக்கம் போனால், அன்னப்பிள்ளை வீடு எதென்று கேளுங்கள். அவர்தான் என் தாய். மகள் இந்த வருஷமும் வரமாட்டாள் என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு திரும்பிவிடாமல், கொஞ்ச நேரம் அவரோடு இருங்கள்.