அழிக்கக் கொடுத்த கேம்

வெள்ளவத்தையில் கணினி திருத்துபவர் அவர். நரைத்த தாடி. எதைத் திருத்தினாலும் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்டுப் பார்ப்பார்.

மகளின் லப்டொப்பைக் கொடுத்தேன்.

"சோதினை வருது அண்ணை. உந்தக் கேமே கதியெண்டு கிடக்கிறாள். அழிச்சு விடுங்கோ."

கேமைத் திறந்து, ஹெட்போனில் நெடுநேரம் கேட்டார்.

"சிரிக்காதேங்கோ அக்கா, நானும் இதை விளையாடினனான். கேமுக்குள்ள உங்கட பிள்ளை ஒரு வீட்டுக்குள்ளயே நிக்கிறா. அங்க கதையில வாற தகப்பன் பாடிக்கொண்டு சமைக்கிறார். வாசலைத் தாண்டினால் அவர் செத்திடுவார், பாட்டும் நிண்டிடும். பிள்ளை தாண்டவேயில்லை. அழிக்கட்டோ?"

என் கணவர் இறந்து நான்கு மாதம். பரீட்சை முடியும்வரை அப்பாவைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னவள் நான். திருத்துபவருக்கு இது எதுவும் தெரியாது.

"வேண்டாம்" என்றேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதையும் அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது.