சோப்பைச் சுற்றி வரைந்த கோடு

கொரோனா ஊசி போட வீட்டுக்கே வந்த அந்தப் பெண்ணை நான் படுத்திய பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மருந்துக் குப்பியின் மூடியைக் காட்டச் சொன்னேன். தேதியைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தது போதாதென்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்தேன். "ஏம்மா, நீங்களே நர்ஸா இருந்தவங்கதானே? எங்களையே நம்ப மாட்டேங்கறீங்களே" என்றாள். நர்ஸாக இருந்ததால்தான் நம்பவில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். இன்றைக்கும் பால் பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். "உங்க அம்மா என்னையே ரெண்டு தடவ மோந்து பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சா" என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார். மூக்கு மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊசி போட்டு முடித்ததும் அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் வெடித்திருந்தது. "சானிடைசர்மா, போட்டுப் போட்டு இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் கையிலிருந்து வந்தது என்னவோ ஸ்பிரிட் வாசனைதான். ஆனால் என் மூக்குக்கு எட்டியது கார்பாலிக் சோப்பு. அந்தச் சிவப்புச் சோப்பைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. வெடித்த விரலைக் கண்டதும் அது தானாக வந்துவிட்டது.

அறுபதுகளில், சித்திரையில் காவிரி சுத்தமாக வற்றி, ஜனங்கள் மணலில் ஊற்று தோண்டிக் குடித்த ஒரு கோடை. ஊரெல்லாம் காலரா. அப்போது நான் திருச்சியில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலரா வார்டுக் கட்டிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும், அதன் கீழே வாளி. வாளியில் எவ்வளவு சேர்கிறதோ, அதை அளந்து அந்த அளவுக்கு உப்புத் தண்ணீரை ஊசி வழியாக உடம்புக்குள் ஏற்ற வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. அளப்பது, ஏற்றுவது, கை கழுவுவது.

ஊருக்கு எங்கள்மேல் இருந்த சந்தேகம் கொஞ்சநஞ்சமல்ல. ஊசி போட்டே ஆளை முடித்துவிடுகிறோம் என்று பாலக்கரையில் ஒரு பேச்சு. நோயாளியை நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. வெள்ளை உடுப்பைக் கண்டால் குதிரை வண்டிக்காரர் நிறுத்தாமல் போவார். அவரை விடுங்கள், என்னைப் பெற்றவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்து ஸ்ரீரங்கத்துக்கு ஆசையாக பஸ் ஏறிப் போனேன். வாசலில் கால் வைக்கவில்லை, உள்ளேயிருந்து குரல்: "அங்கயே நில்லுடி! கொல்லப்பக்கமா சுத்தி வா." போனேன். துவைக்கிற கல்மேல் இலை போட்டிருந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட, அம்மா கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்க" என்றாள். பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். அம்மாமேல் அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

வார்டில் எனக்குப் பெரியவள் ரெஜினா அக்கா. பாலக்கரைக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உயரம், கணீரென்ற குரல். மணப்பாறையில் இருந்த அவள் அண்ணன் மாதம் ஒரு டின் முறுக்கு கொண்டுவந்து கொடுப்பார். அக்கா அதைத் தானும் தின்பாள், எங்களுக்கும் கொடுப்பாள். எல்லாவற்றையும் மோந்து பார்க்கிற என்னை "போலீஸ் மூக்கு" என்று கூப்பிட ஆரம்பித்தவள் அவள்தான். பேர் வார்டு முழுக்கப் பரவி, ஆயாக்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தவள், அந்தக் கோடையின் நடுவில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வெயிலில் எல்லோருக்கும் அலுப்பு, இவளுக்கும் அலுப்பு என்று விட்டுவிட்டோம்.

அப்போதுதான் சோப்புத் தகராறு வந்தது.

வார்டுக்கு வாரம் ஒரு கட்டி கார்பாலிக் சோப்பு. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். திங்கட்கிழமை வாங்கினால் அடுத்த திங்கள் வரை ஓட்டியாக வேண்டும். எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று வியாழக்கிழமையே சோப்பு தீர ஆரம்பித்தது. அடுத்த வாரமும் அப்படியே. மிச்ச நாளெல்லாம் சாம்பலைத் தொட்டுக் கை கழுவினோம். மேட்ரன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "சோப்பு யார் வீட்டுக்குப் போகுது?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒருத்தர் பையை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

எனக்கு வயிறு எரிந்தது. சோப்புக்காக இல்லை. காலரா வார்டில் சோப்பு இல்லையென்றால் அடுத்து அந்த ஓட்டைக் கட்டிலில் படுக்கப்போவது நாங்கள்தான். சோப்பைத் திருடுகிறவள் எங்கள் உயிரைத் திருடுகிறாள் என்று நினைத்தேன். யாரென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உபயோகமில்லாத ஒரு டெம்பரேச்சர் சார்ட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் சோப்பை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். டூட்டிக்கு வரும்போது ஒரு கோடு, போகும்போது ஒரு கோடு. பக்கத்தில் யார் டூட்டி என்று எழுதிவைத்தேன். ரெஜினா அக்கா இல்லாத வேளையில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அக்கா இருந்துவிட்டால் உள்கோடு அரை விரல்கடை உள்ளே போய்விடும். நாலு நாளில் அந்தத் தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுக் கோடு. நடுவில் இருந்தது ஒரு புளியங்கொட்டை அளவுதான்.

பிளேடால் சுற்றிலும் சீவி, சீவலைத் துணியில் கட்டிக் கொண்டுபோகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். கை கழுவுகிற அறைக்குள் அவள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் என் கண்ணில் பட்டிருந்தது. தகரத் தொட்டியின் குழாய் திறந்திருக்கிற சத்தம் வெளியே கேட்கும். சீவுகிற சத்தம் தெரியக் கூடாதென்றுதான் குழாயைத் திறந்துவிடுகிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். என் மூளை அப்படி வேலை செய்தது.

தாளைக் கொண்டுபோய் மேட்ரனிடம் கொடுத்தேன். மதியம் டூட்டி மாறுகிற நேரம், எல்லோரும் இருக்கும்போதே, அக்காவின் பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னார். அக்கா கவிழ்த்தாள். ஒரு செபமாலை. ஒரு சின்னத் தேங்காயெண்ணெய்க் குப்பி. பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணிச் சுருள். முறுக்கு டின். மேட்ரன் டின்னைத் திறந்தார். காலி. சோப்பின் தூள்கூட இல்லை.

மேட்ரன் அந்தத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ரத்தக் கறை. "கையைக் காட்டு" என்றார்.

அக்கா நீட்டினாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சிவந்து கிடந்தது. நாங்கள் தினமும் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறோம். நீளக் கை ரவிக்கை போட ஆரம்பித்திருந்தாள், இந்த வெயிலில் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சோப்பை மட்டும் அத்தனை உற்றுப் பார்த்த நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"என்ன ரெஜினா இது?" என்றார் மேட்ரன். குரல் இறங்கிவிட்டது.

"போகமாட்டேங்குதும்மா" என்றாள் அக்கா. "எத்தன தடவ கழுவினாலும் போகமாட்டேங்குது. அந்தத் திருவெள்ளறைக் குழந்தை..."

எங்களுக்கு ஞாபகம் வந்தது. திருவெள்ளறையிலிருந்து ஒரு நடவுக்காரப் பெண் வந்து கிடந்தாள். கூடவே நாலு வயது மகள், பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. வராந்தாவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பசியில் அழுததென்று அக்கா டின்னைத் திறந்து முறுக்கை உடைத்து அதன் வாயில் கொடுத்தாள். மறுநாள் குழந்தைக்கும் நோய் கண்டது, அதற்கு மறுநாள் போய்விட்டது. தாய் பிழைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, "எம்புள்ளைக்கு நீங்கதாங்க கடைசியா வாயில போட்டீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். நன்றியாகத்தான் சொன்னாள், பாவம்.

"வாளியைத் தொட்ட கைம்மா. சரியாக் கழுவினேனா இல்லையான்னு ஞாபகமே வரமாட்டேங்குது" என்றாள் அக்கா. அந்தக் குழந்தை ஊற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கலாம், தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம், ஆயிரம் வழி இருக்கிறது. மேட்ரன் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டேதான் நின்றாள், ஆனால் கண் மேசைமேல் கிடந்த என் தாளில் இருந்தது. அதில் என் கையெழுத்து. அவளுக்குத் தெரியாத கையெழுத்தா?

திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டி, "நீ சொல்லு. உனக்குத்தான் போலீஸ் மூக்காச்சே. மோந்து பாத்துச் சொல்லு, இப்ப சுத்தமா இருக்கா?" என்றாள்.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

வேண்டுமென்று நகரவில்லை. கால் தானாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் கால் மாதிரியே போயிற்று. அக்கா அதைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ சரிபார்த்துக்கொண்ட மாதிரி. சாமானை எல்லாம் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

திருடுகிறவள் சோப்பைக் கட்டியோடு கொண்டுபோவாள். கழுவுகிறவளிடம்தான் அது நாலு பக்கமும் ஒரே மாதிரி தேயும். எட்டுக் கோட்டில் அது பச்சையாகத் தெரிந்தது. வரைந்த எனக்குத்தான் தெரியவில்லை.

அக்காவுக்கு லீவு கொடுத்தார்கள். உடம்பு சரியில்லை என்று எழுதினார்கள், வேறு எப்படி எழுதுவதென்று யாருக்கும் தெரியாது. டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். அண்ணன் வந்து மணப்பாறைக்கு அழைத்துப் போனார். மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்து, காலரா அடங்கிய பிறகு ஒருநாள் நேரிலேயே போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "அந்த நர்ஸம்மாவா? கோலாருப் பக்கம் யாரோ சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்நேரமும் கெணத்தடியிலயே நிப்பாங்க, பாவம்" என்றாள். அத்தோடு சரி.

வார்டில் அக்கா போன பிறகும் சோப்பு வியாழக்கிழமையே தீர்ந்தது. இந்தத் தடவை தீர்த்தது நான். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, கோடு போடவும் இல்லை. போலீஸ் மூக்கே காவல் இருக்கும்போது யார் கேட்பார்கள்? ஒன்றரை வருஷம் பிடித்தது அதிலிருந்து நான் வெளியே வர. இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கல்யாண மண்டபம். போன தை மாதம் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடம், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குழாய். தகரத் தொட்டி இருந்தது கிட்டத்தட்ட அங்கேதான் என்று வேப்பமரத்தை வைத்து அடையாளம் கண்டேன். அழுத்தினால் ரோஜாப்பூ வாசனையோடு நீலமாக ஏதோ வந்தது. கழுவிவிட்டுக் கையை மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காட்டமான வாசனை இனி எந்த ஊரிலும் இல்லை, ஓட்டைக் கட்டில் இல்லை, அக்காவும் இருக்க மாட்டாள். பின்னால் நின்ற ஒரு பையன், "முடிஞ்சுதாங்கம்மா?" என்றான். நகர்ந்து வழிவிட்டேன். "சுத்தமா இருக்குக்கா" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும். பொய்கூட இல்லை அது. அந்தக் கையைவிடச் சுத்தமான கை அன்றைக்குத் திருச்சியிலேயே கிடையாது.