போஸ்டரில் மட்டும் மேஜர்

"ஒன்பது. கொஞ்சம் அகலமான பாதம்" என்று சொல்லிவிட்டுத்தான் மேஜர் நிமிர்ந்து வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். காலையில் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, இடது கையை ஷூவுக்குள் விட்டு, வலது கையால் பிரஷ் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் தொகுதி மக்கள் அவரைப் பார்க்க வருவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார் ஒருவர். தெருவிளக்கு எரியவில்லை என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வார், ஆனால் கண் முதலில் போவது காலுக்குத்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க. ராணுவத்துல இருபது வருஷம் பூட்ஸ் எடுத்துக் கொடுத்த ஆளு நான். மூஞ்சி மறந்துபோகும், கால் மறக்காது" என்பார். சட்டமன்ற உறுப்பினருக்கு இது பெரிய குறைதான். ஓட்டுப் போட்டவர்களைக் கும்பிடும்போதுகூடக் குனிந்தே கும்பிடுகிறார், என்ன பணிவு என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வந்துவிட்டது.

மேஜர் என்று ஊரே கூப்பிட்டாலும் அந்தப் பதவிக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் ராணுவத்தில் கிடங்குக்காரர். பூட்ஸ், போர்வை, வாளி, கொசுவலை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பதும், கிழித்துக்கொண்டு வந்தால் முறைப்பதும்தான் வேலை. துப்பாக்கியைப் பயிற்சி முகாமில் தொட்டதோடு சரி. "எதிரின்னு நான் நேருக்கு நேர் பார்த்தது எலியைத்தான். போர்வை மூட்டைக்குள்ள குடும்பம் குட்டியோட இருந்துச்சு. பெரிய சண்டை. கடைசியில நான்தான் பின்வாங்கினேன்" என்று மேடையிலேயே சொல்வார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், கைதட்டும், இவ்வளவு பெரிய வீரருக்கு எவ்வளவு அடக்கம் பாருய்யா என்று பேசிக்கொண்டே கலையும். உண்மையைச் சொன்னாலும் நம்பாதவர்களை அவரும் என்னதான் செய்வார், பாவம்.

கட்சிக்கு அந்தத் தேர்தலில் ஒரு ராணுவ வீரர் தேவைப்பட்டார். இவரிடம் உயரம் இருந்தது, மீசை இருந்தது, வளையாத முதுகு இருந்தது. வீரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்தபோது ஊர்ச் சுவர்கள் முழுக்க இவர் முகம், பின்னால் ஒரு பீரங்கி வண்டி, கீழே கொட்டை எழுத்தில் 'மேஜர்'. "இருபது வருஷம் தவம் கிடந்தும் வராத ப்ரமோஷனை போஸ்டர் ஒட்டுறவன் ஒரே ராத்திரியில கொடுத்துட்டான்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். "அந்த வண்டியை நீங்க துடைச்சாவது இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டார். "பக்கத்துலயே விடமாட்டாங்கம்மா" என்றார் இவர். தேர்தலில் ஜெயித்தும்விட்டார். பீரங்கிக்கு விழுந்த ஓட்டு எவ்வளவு, மீசைக்கு விழுந்த ஓட்டு எவ்வளவு என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

வாக்குறுதி என்று அவர் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அவர் பிறந்து வளர்ந்த குடியிருப்புக்கும் எதிரே இருக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு அகலமான சாலை ஓடுகிறது. சிக்னல் கிடையாது. லாரிகள் கண்மண் தெரியாமல் வரும். பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், காய்கறிப் பையோடு வருகிறவர்கள் எல்லாரும் ஓரத்தில் நின்று நின்று, சந்து கிடைத்ததும் ஓட வேண்டும். அந்த இடத்தில் ஒரு நடைமேம்பாலம் கட்டித் தருகிறேன் என்றார். குடியிருப்பில்தான் அவருடைய அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடை தைத்து, மூட்டையாகக் கட்டி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அப்படிப் போகும்போது ஒரு பைக் இடித்துத் தள்ளியதில் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். "பாலம் வரலைன்னா என் மூஞ்சியில முழிக்காதடா" என்று எச்சரித்துவிட்டுத்தான் அக்கா ஓட்டுப் போட்டார்.

சட்டசபையில் மேஜரின் முதல் நாளே அமர்க்களம். சபாநாயகர் உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள், இவரும் எழுந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள், இவர் மட்டும் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி உத்தரவு வரவில்லையே! விறைத்து நிற்கும் புது உறுப்பினரைப் பார்த்து, ஏதோ ஆட்சேபம் கிளப்பப்போகிறார் என்று சபை பரபரத்தது. "உறுப்பினர் என்ன சொல்ல விரும்புகிறார்?" என்று சபாநாயகர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் இவர். அவருடைய கன்னிப்பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெகுகாலம் பின்வரிசையில் முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கட்சி கை தூக்கச் சொன்னால் தூக்குவார், மேசையைத் தட்டச் சொன்னால் தட்டுவார். "வேலை பழகினதுதான். அங்க மாதிரியே இங்கயும் மேல இருந்து உத்தரவு வரும், கீழ நாம செய்யணும். பூட்ஸ்தான் கிடையாது" என்பார்.

ஒருவழியாகக் கேள்வி நேரத்தில் அவருடைய கேள்வி தேர்வானது. நடைமேம்பாலம் எப்போது கட்டப்படும்? நெடுஞ்சாலை அமைச்சர் பதில் சொல்வார். அந்தப் பதிலை விடாமல் பிடித்துக்கொண்டு மேஜர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அந்த இரண்டில்தான் பாலமே இருக்கிறது என்று பழைய உறுப்பினர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் பண்ணினார். மனைவி அமைச்சராக நடித்து, "முடியாது, போய்யா" என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தார். அக்கா கடையில் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். ஆள் குட்டை, குரல் மட்டும் வெண்கலம். "அந்த இடத்தில் பாலம் தேவையில்லை என்று துறை கருதுகிறது. பொதுமக்கள் சற்றுத் தள்ளிப்போய்ச் சாலையைக் கடக்கலாம்" என்றார். மேஜரின் பழைய மேலதிகாரிக்கும் அச்சு அசல் அதே குரல். அவ்வளவுதான், என்ன நடக்கிறது என்று புத்திக்கு எட்டுவதற்குள் ஆள் எழுந்துவிட்டார், குதிகால்கள் இரண்டும் டக்கென்று ஒட்டிக்கொண்டன, நெஞ்சு நிமிர்ந்தது, சபை அதிர ஒரு "எஸ் சார்!" கிளம்பியது. கிளம்பியதோடு நிற்காமல் ஆள் உட்கார்ந்தும்விட்டார். "உறுப்பினர் பதிலை ஏற்றுக்கொண்டார். அடுத்த கேள்வி" என்றார் சபாநாயகர். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசமே இல்லாமல் சபை மொத்தமும் சிரித்தது. துணைக் கேள்விகள் இரண்டும் மனப்பாடம் கலையாமல் தொண்டைக்குள்ளேயே இருந்தன.

மானம் கப்பல் ஏறிவிட்டது. அந்த "எஸ் சார்" எல்லாருடைய செல்போனிலும் கூவியது. மேஜர் என்ன செய்தார் என்கிறீர்கள்? அடுத்தவர் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். போகிற இடமெல்லாம் எழுந்து நின்று, குதிகாலை ஒட்டி, நடித்துக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகு ஏறியது. கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், பாலம் என்னாச்சு என்று கேட்க மறந்துபோனார்கள். நல்ல வசதியாகத்தான் இருந்தது.

அதே துணிச்சலில் அக்கா கடைக்கும் போனார். அங்கேயும் நடித்துக் காட்டினார். பட்டன் வைக்கிற பெண்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். தையல் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"முடிஞ்சுதா உன் கூத்து?"

"இல்லக்கா, இன்னொண்ணு இருக்கு, சபாநாயகர் மூஞ்சி போன போக்கைக் கேளேன்…"

"நம்ம தெருத் தச்சரோட சம்சாரம் இன்னும் படுத்த படுக்கையா கிடக்கா, தெரியுமா? பால் வாங்க ரோட்டைத் தாண்டினவ, லாரி அடிச்சுப் போட்டுருச்சு. அவகிட்டப் போய் நடிச்சுக் காட்டு, சிரிக்கிறாளான்னு பார்ப்போம்."

"நான் வேணும்னா செஞ்சேன்? பழக்க தோஷம்க்கா. வாய்ல தானா வந்துடுச்சு."

"வந்துட்டுப் போகட்டும், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. சின்னப் பிள்ளையில இருந்து நீ இப்படித்தான். தப்புப் பண்ணிட்டா யாரும் திட்டுறதுக்குள்ள கோமாளி வேஷம் போட்டுருவ. அம்மா சிரிச்சு விட்டுருவாங்க. நானும் சிரிச்சிருக்கேன். ஆனா லாரிக்காரன் சிரிச்சுக்கிட்டு நிக்கமாட்டான்டா."

மேஜர் ஏதாவது சொல்லி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தார். எப்போதும் கைகொடுக்கிற வேடிக்கை அன்று கைகொடுக்கவில்லை. அக்காவின் காலடியில் மடித்து வைத்திருந்த சின்னச் சின்னச் சீருடைகளைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சபையில் அத்தனை பேர் சிரித்தபோது வராத வெட்கம் அது. அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

பள்ளியில் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க அதே அமைச்சர் வருவதாக ஏற்பாடானது. பந்தல் ஒருவர் பொறுப்பு, மைக் ஒருவர் பொறுப்பு, தேநீர் மேஜர் பொறுப்பு என்று கட்சியில் பிரித்துக் கொடுத்தார்கள். சப்ளை செய்தே பழகிய ஆள் அல்லவா! வாழ்க்கையில் அவருக்கு நிஜமாகவே தெரிந்த ஒரே வேலை. தன் பங்கை யாரிடமும் கலந்துபேசாமல் கச்சிதமாக முடித்தார்.

விழா மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, "நம்ம மேஜரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்ன சொன்னாலும் தட்டமாட்டார்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேஜரும் அசடு வழியச் சிரித்தார். ரிப்பன் வெட்டு, கைகுலுக்கல் எல்லாம் முடிந்து இறங்கியதும் அமைச்சருக்கு நா வறண்டது.

"டீ எங்கேய்யா?"

"அந்தப் பக்கம் சார். ரோட்டுக்கு எதிர்ல, எங்க அக்கா கடையில. சூடா ரெடியா இருக்கு."

"அங்க எதுக்குய்யா வச்ச? சரி, வண்டியை வரச் சொல்லு."

"வண்டி ரொம்ப தூரம் சுத்தி வரணும் சார். நடந்தா இதோ, எதிர்லதான்."

பள்ளி விட்டு, பிள்ளைகளும் தாய்மார்களும் சாலை ஓரத்தில் வந்து நின்றிருந்தார்கள். அமைச்சரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் அக்கா கடை வாசலில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு வந்த காவலர் வண்டிகளை மறிக்கக் கையைத் தூக்கினார்.

"வேணாம் தம்பி. தினமும் இவங்களுக்கு யாரு நிறுத்துறா?" என்றார் மேஜர். மேஜர் என்றால் மேஜர்தான் என்று நம்பிய அந்தக் காவலர் கையை இறக்கிக்கொண்டார்.

மேஜர் அமைச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். முதல் லாரி போனது, அமைச்சரின் சட்டை படபடத்தது. இரண்டாவது லாரியின் ஹாரனில் அவர் ஓர் அடி பின்னால் துள்ளினார். அதன் வாலிலேயே ஒரு பேருந்து வந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மேஜரின் காலும் அரை அடி பின்னால் போனது. எலிக்கே பின்வாங்கிய ஆள்தானே!

"பைத்தியமாய்யா உனக்கு? கையை விடு" என்றார் அமைச்சர், அந்த வெண்கலக் குரலில்.

மேஜர் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு, வலப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இடது காலைச் சாலையில் எடுத்து வைத்தார்.