மாத்துப் புடவை

சுப்புராயன் பெரியப்பா வீட்டுக் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அன்றுதான், அவருடைய மூன்று சக்கர வண்டி பகலில் வாசலில் நிற்பதை முதல்முறையாகப் பார்த்தேன். உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் வரை கடைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர் அவர். அதற்கு முன்னால் கரும்பு வெட்டினார். அதற்கும் முன்னால் செங்கல் சூளையில் இருந்தார். எந்த வேலையாக இருந்தாலும் விடியும்முன் கிளம்பிவிடுவார், இருட்டிய பிறகுதான் வருவார். இப்போது காலி கேன்கள் வண்டியில் கவிழ்ந்து கிடக்க, ஒரு கோழி அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கொரோனா இரண்டாவது அலை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த மே மாதம். பெரியப்பாவுக்கும் அவர் மனைவி அம்சவள்ளி பெரியம்மாவுக்கும் காய்ச்சல் லேசுதான். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. எதிர்வீடு எங்களுடையது. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், ஊரில் யாருக்கு எந்த ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பால், கீரை, மாத்திரை எல்லாவற்றையும் அவர்கள் படலுக்கு வெளியே கிடந்த கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். பெரியம்மா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து எடுப்பார்.

"கிட்ட வராதடி பாப்பா. உன்ன கட்டிக்கப் போறவன் நாளைக்கு எங்கள திட்டப் போறான்."

"அவன் எங்க கீறான்னே தெரில பெரியம்மா."

"எங்கியாவது மாஸ்க் போட்டுகினு ஒக்காந்துகினு இருப்பான்."

அந்தப் பேச்சு சீக்கிரமே நின்றுபோனது. பெரியப்பாவின் அக்கா பவுனம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

பவுனம்மாள் செல்லிப்பட்டில் தனியாக இருந்தவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் பாக்யராஜ் மஸ்கட்டில். தம்பிக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்ததும், ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பே, பஸ் ஓடாத நாளில் யாருடைய பைக்கிலோ ஏறி வந்து இறங்கினார். உள்ளே போக வேண்டாம் என்று என் அம்மா தடுத்தாள். "எந் தம்பிய பாக்க நான் கவருமெண்ட்டுல பர்மிசன் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். சில நாளில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரே வேலை, போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. பவுனம்மாள் தினமும் பேசுவார். மூச்சுக்கு நடுவில் அவர் கேட்பதெல்லாம், "டேய் சுப்பு, சாப்ட்டியா?" என்பதுதான். பெரியப்பா, "சாப்ட்டேன்க்கா" என்பார். சாப்பிட்டிருக்க மாட்டார். வைத்த சோறு கோழிக்குப் போவதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது.

ஒருநாள் படலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னிடம் கேட்டார்.

"பாப்பா, எங்கக்காவுக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா கோடி போடக்கூட என்ன வுடமாட்டாங்கல்ல?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புடவை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். தண்ணீர் படாத புதுத்துணிதான் கோடி. அது வராமல் எடுக்க மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு பாகூரில் இருந்த ஒரு தம்பி வந்து சேரும்வரை, சாயங்காலம் வரைக்கும் ஒரு பிணம் காத்துக்கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிவியிலோ உடல்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து பெரியம்மா சத்தம் போட்டார்.

"உசுரோட கீற மனுசிக்கு இப்பவே கோடி பேசறியே, வாய கழுவுய்யா!"

பெரியப்பா நிஜமாகவே தொட்டியருகே போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

மறுநாள் பவுனம்மாள் மாத்துப் புடவை கேட்டார். கட்டிக்கொண்டு போனது ஒன்று, பையில் எடுத்துப்போனது ஒன்று, இரண்டும் அழுக்காகிவிட்டன. எங்கள் ஊர் மணிபாரதி ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தன்னார்வலர்களோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன்.

"பாசிட்டிவ் வூட்டுத் துணிய வார்டுல வாங்க மாட்டாங்க பிரியா. புதுசு, கவர் பிரிக்காதது இருந்தா குடு."

அந்த வீட்டில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. சித்திரையில் பெரியம்மாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஊரடங்கில் பத்துப் பேரோடு நடந்து முடிந்தது. அதற்குக் கட்டிக்கொள்ள வாங்கிய கத்திரிப்பூ நிறப் புடவை, கடைப் பையோடு பெட்டியில் இருந்தது. பெரியம்மா யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கல்லில் வைக்கக் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

"வேணாம்" என்றார். "புதுத்துணி. தண்ணி படாதது. பொறந்த வூட்லேர்ந்து போவுது. ஆஸ்பத்திரில படுத்துகினு கீறவங்க இத பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"மூலையில மஞ்ச வச்சி குடுடி, நல்லதுக்குன்னு ஆயிடும்" என்றார் பெரியப்பா.

"தாலி எறக்கி மஞ்ச எடுத்தவங்களுக்கு எப்டிய்யா வைக்கறது?"

பிறகு பெரியம்மா கவரைக் கிழித்தார். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு, புடவையை மடிப்பு கலைத்து முழுக்க முக்கினார்.

"பெரியம்மா, கவர் பிரிக்காம கேட்டாங்க. நீங்க கை வச்சிட்டீங்களே" என்றேன்.

"வெயில்ல காஞ்சா ஒண்ணும் ஆவாது. நீ படிச்ச புள்ள, நீ சொல்றது சரிதான். ஆனா எங்கையால நான் கோடி அனுப்ப மாட்டேன்."

பெரியப்பா ஒரு முனையைப் பிடித்தார், பெரியம்மா மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகப் பிழிந்து கொடியில் போட்டார்கள். காய்ச்சல் கண்ட உடம்பு. பிழிந்து முடித்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அந்தக் கத்திரி வெயிலில் புடவை சீக்கிரம் காய்ந்துவிட்டது. பெரியம்மா அதைக் கடை மடிப்பு போலவே மடித்து வேறு கவரில் போட்டுத் தந்தார். மணிபாரதியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பவுனம்மாள் போனில் சொன்னார்: "புடவ வந்துச்சிடி அம்சா. கலரு நல்லாக்கீது. புதுசு மேரி கீதே?"

"அலசனதுதான் அண்ணி. நான் ஒரு தபா கட்டனது" என்று பெரியம்மா பொய் சொன்னார்.

பவுனம்மாள் பிறகு ஒருமுறைதான் பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டு முடிக்க முடியவில்லை. அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் வார்டு நர்ஸ் என் போனுக்குத் தகவல் சொன்னார். நான் படலுக்கு அருகில் போனதுமே பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் அழவில்லை. வண்டியிலிருந்த கேன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடித்ததும் மறுபடி வண்டியில் ஏற்றினார். போக முடியாது, பார்க்க முடியாது. தன்னார்வலர்களே எல்லாம் செய்துவிடுவதாகச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து பாக்யராஜ் வீடியோவில் வந்து, "மாமா, மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மதியம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த நர்சுக்குப் போன் போடு. அவ போவும்போது இன்னா கட்டிகினு இருந்தான்னு கேளு."

பெரியம்மா கதவருகே வந்து நின்றார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் பெரியப்பா. போட்டேன். நர்ஸ் நல்ல பெண். அவ்வளவு வேலையிலும் நின்று பேசினார்.

"ஆஸ்பத்திரி கவுன்ல இருந்தாங்கம்மா. அந்தக் கத்திரிப்பூ கலர் சேலை தலமாட்டுலயே பையில இருக்கு. கட்டிவிடட்டுமான்னு கேட்டேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும்போது கட்டிக்கறேன்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்தேன். பெரியம்மா அப்படியே கதவருகே உட்கார்ந்தார்.

"நாந்தான் அலசனேன்" என்றார். "அலசாம குடுத்திருந்தா, கட்டலன்னாலும் மேலயாவது போத்தச் சொல்லியிருக்கலாம். கோடியாவது ஆயிருக்கும். நான் அதயும் இல்லாம பண்ணிட்டேன்."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது.

அவர்கள் வெளியே வரலாம் என்று சொன்ன நாளில், மணிபாரதி சாம்பல் இருந்த மண்கலயத்தையும் ஒரு பையையும் கொண்டுவந்து தந்தான். பைக்குள் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. செல்லிப்பட்டில் சங்கராபரணி ஆற்றில் கரைப்பது என்று முடிவானது. கலயத்துக்குச் சுற்ற ஒரு கோடித்துணி வேண்டும். வில்லியனூரில் ஜவுளிக் கடைகள் மூடியிருந்தாலும், பின்பக்கமாக ஷட்டரைத் தூக்கி எடுத்துத் தருவார்கள், வாங்கிவரவா என்று மணிபாரதி கேட்டான்.

"வேணாம்பா" என்றார் பெரியப்பா. பையிலிருந்த புடவையை எடுத்தார்.

பெரியம்மா அவர் கையைப் பிடித்தார். "அது ஆவாதுய்யா. தண்ணி பட்டது. கோடி இல்ல அது."

"அவ கோடியா கேட்டா? மாத்துப் புடவ கேட்டா. வூட்டுக்குப் போவும்போது கட்டிக்கறேன்னா."

பெரியம்மா கையை விட்டார்.

தடுப்பணைக்கு மேலே தண்ணீர் தேங்கியிருந்தது. பெரியப்பா இடுப்பளவு இறங்கி, சாம்பலைக் கரைத்துவிட்டு, கலயத்தில் சுற்றியிருந்த புடவையையும் அவிழ்த்து விட்டார். அது விரிந்து கொஞ்ச தூரம் போய்க் கோரையில் சிக்கிக்கொண்டது. காற்று தள்ளியும் போகவில்லை. கரையிலிருந்து பெரியம்மா, "வுட்டுடுய்யா, ஆழம்" என்று கத்தினார். அவர் கேட்கவில்லை. மார்பளவுத் தண்ணீரில் இருமிக்கொண்டே நடந்துபோய், கிழிந்துவிடாமல், ஒவ்வொரு கோரையாக விலக்கிப் புடவையை விடுவித்துக்கொண்டிருந்தார்.