தம்பி நிற்க வேண்டிய இடம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான்கு பேரை வளர்த்தேன், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். நான்கு பேரில் ஒருத்தரும் இன்னொருத்தர் வாசலில் போய்க் கை நீட்டி நின்றதில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதி அவ்வளவு பெருமையாகச் சொல்லும்படி இல்லை.

கடைசிப் பையனை நான் மட்டும் வளர்க்கவில்லை. அவன் நடை பழகும்போதே என் வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார். பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆம்பூரில் தோல் கம்பெனிக்குப் போனான். பச்சைத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. சாயந்திரம் வந்து கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வான். பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாலாற்றுக்குக் கிளம்புவான். ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? பையன்களுக்கு அதுதான் மைதானம்.

பெரியவன் கோலி, கோலைக் காக்கிறவன். தம்பி வளர்ந்ததும் அவனைத் தனக்கு முன்னால் வலது பக்கத்தில் பேக்காக நிறுத்தினான். எதிராளி கொண்டுவருகிற பந்தை மறித்துத் திருப்பி அனுப்புவது பேக்கின் வேலை. நான் கரையில் மாட்டுக்குப் புல் அறுத்தபடி பார்ப்பேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும், ஆனால் பந்தாட்டம் நன்றாகத் தெரியும்.

ஆற்று மணலில் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மணலில் பந்து ஓடாது, புதையும். கிட்டத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பதென்றாலும் ஓங்கி உதைக்க வேண்டும். நெருக்கடி வந்தால் பேக் திரும்பிக் கோலிக்கே உதைத்துவிடுவான், கோலி குனிந்து கையால் வாரிக்கொள்வான். பெரிய மைதானத்தில் அது கூடாதாம். தன் ஆள் காலால் கொடுத்த பந்தைக் கோலி கையால் தொட்டால் தப்பாம். ஆற்றில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்?

சின்னவனுக்குக் கல்யாணமாகாத சமயம், எங்கள் பையன்கள் ஒரு போட்டியில் ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்கள். வாணியம்பாடிப் பக்கம், கெட்டித் தரை மைதானம். பெரியவனுக்கு அதுதான் கடைசி மேட்ச். சுண்ணாம்பில் ஊறி ஊறி விரலெல்லாம் வெடித்துப்போய், பந்து பட்டால் ரத்தம் வரும். ஒரே ஒரு தடவை கப்பைத் தூக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நானும் போயிருந்தேன்.

முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிராளி ஒருத்தன் துரத்திக்கொண்டு வரச் சின்னவன் திரும்பி அண்ணனைப் பார்த்து உதைத்தான். மணலுக்கு உதைக்கிற உதை. கெட்டித் தரையில் பந்து சீறிக்கொண்டு போனது. பெரியவன் பழக்கதோஷத்தில் குனிந்தான். கை பந்துக்குப் போய்விட்டது. அதற்குள் சட்டம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். பந்து கால் நடுவே போய் வலையில் விழுந்தது. கையால் தடுத்திருந்தால் ஒரு ஃபௌலோடு போயிருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

பெரியவன் ஓடி வந்து அத்தனை ஜனத்துக்கு முன்னால் தம்பியை அறைந்தான்.

"இன்னாடா உதை அது? அங்க நாட்றம்பள்ளி வரிக்குமா அனுப்பற?"

ஜனம் சிரித்தது. சின்னவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "புடிக்கத் துப்பில்ல, அடிக்க மட்டும் கை வருதா? அழுகிப்போன கைய வெச்சிக்கினு எதுக்கு நின்ன?"

அந்தக் கை சம்பாதித்த சோற்றில் வளர்ந்தவன் அவன். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மூலமாகப் பேசினார்கள். "அம்மா, அவன கதவச் சாத்தச் சொல்லு." "அம்மா, சாத்தியாச்சின்னு சொல்லு." பிறகு சின்னவன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அவன் கல்யாணத்தில் பெரியவன்தான் பந்தி முழுக்கச் சாம்பார் ஊற்றினான். தம்பி இலை வந்ததும் வாளியை வேறொருத்தனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சின்னவன் ரொம்ப நாள் பந்தைத் தொடவில்லை. அந்தக் கம்பெனி டீமுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற பாய்தான் வற்புறுத்தி இறக்கினார். முதலில் பழைய இடத்தில்தான் நிறுத்தினாராம். காலில் பந்து வந்தால் போதும், இவன் பின்னால் திரும்பிப் பார்ப்பானாம், கால் பின்னிக்கொள்ளுமாம். ஒருநாள் பாய் கத்திவிட்டார். "அங்க இன்னாடா கீது, சும்மா சும்மா திரும்பற? முன்னால போய் நில்லு!"

போன மாதம் சின்னவன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழம மேட்ச்சும்மா. வந்துட்டுப் போ." பெரியவன் வண்டியில் என்னை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான்.

"நீயும் வாடா."

"எனக்கு வேல கீது."

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என்ன வேலை? நான் கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

சின்னவன் நட்ட நடுவில் நின்றான், பேக் ஆட்களுக்கு முன்னால். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் அவன் காலைத் தாண்டிப் போகவில்லை. பிடுங்குவான், தலை நிமிர்ந்து பார்ப்பான், முன்னால் ஓடுகிறவனுக்குப் பார்த்து அனுப்புவான். ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை. என் பிள்ளையா என்று எனக்கே சந்தேகம். பாய் என் பக்கத்தில் வந்து சொன்னார். "இதாம்மா இவன் இடம். இவன எவன் பேக்ல வெச்சான்?"

ஜெயித்தார்கள். சின்னவன் வேர்வையோடு ஓடி வந்தான். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"தனியாவா வந்த?"

"பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கொண்டாந்து உட்டான்."

"ம்" என்றான். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். நிமிர வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்தபோது பெரியவன் அதே பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"எங்க நின்னான்?"

இத்தனை வருடத்தில் தம்பியைப் பற்றி அவன் கேட்ட முதல் வார்த்தை.

"நடுவுல. பேக்குக்கு முன்னால."

"அதான் அவன் இடம். சின்னப் புள்ளையிலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சி ஏன்டா உன் பக்கத்துல வெச்ச?"

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"நடுவுக்கு அனுப்பினா தூரமா பூடுவான்மா. கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னு வெச்சிக்கினேன்."

அவன் முதுகில் கை வைத்தேன். முதுகு குலுங்கியது. மேடு பள்ளம் இல்லாத ரோடு அது. வீட்டுக்குள் போகும்போது, "அவங்கிட்ட சொல்லிடாத" என்றான்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒருத்தன் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான், பெத்தவள் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அண்ணன் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிய பிறகுதான் அவனுக்கு அந்த இடம் வாய்த்தது. இவனோ இன்னமும் அவன் திரும்புவான் என்று நிற்கிறான். இரண்டையும் ஒரே வயிற்றில் சுமந்தவள் நான். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சொல்லாதே என்று அவன் சொன்னதால் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். தம்பி எனக்குப் பின்னால் தேடிப் பார்த்தது இவனுக்கு இன்னும் தெரியாது. பெரியவனின் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"கண்ணு, முதல்லேர்ந்து படிச்சிக் காட்டுடி. நல்லா சத்தமா. உங்கப்பன் உள்ளதான் சாப்புட்டுக்கினு கீறான்."

"அப்பா திட்டும், ஆயா."

"திட்டட்டும். நீ படி."