பொன்னாடைக்குள் இருவர்

எங்கள் நூற்பாலையில் அரசுத் துறை சம்பந்தப்பட்ட வேலைகளுக்கெல்லாம் தலைமையாக இருந்த மேடம் ஓய்வு பெற்ற அன்று, காலையிலிருந்தே எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மின்வாரியம், தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாடு என்று எங்கிருந்து என்ன சிக்கல் வந்தாலும் அவர்தான் நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டு வருவார். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் மேடையேறி அவரைப் பற்றிப் பேச வேறு சொல்லியிருந்தார்கள். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் விழாவை மண்டபத்தில் வைக்காமல் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பூங்காவில் வைத்திருந்தார்கள். அந்த இடம் முன்பு குப்பைமேடாகக் கிடந்தது. ஆலைச் செலவில் பூங்காவாக்கலாம் என்று யோசனை சொல்லி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியவர் மேடம். இப்போது சாயங்காலமானால் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அங்கேயே மரியாதை செய்வதுதான் பொருத்தம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

விழாப் பந்தலுக்கு எதிரே, பூங்காவை ஒட்டி ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் அடியில் முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தேனடைகள் தொங்கின. உள்ளே நுழையும்போது நானும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பாதித் தொட்டிகளில் அப்படித்தான் இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

மேடத்துக்கு ரோஜாவும் மல்லிகையும் கலந்து ஆளுயர மாலை. முதலாளி ஜரிகைப் பொன்னாடையைப் போர்த்த, அதற்கு மேல் தொழிற்சங்கத்துக்காரர்கள் இன்னொன்றைப் போர்த்தினார்கள். "போதும்ப்பா, வெக்க வெக்கமா வருது" என்று அவர் சிரித்தார். என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதற்குள் வாசல் பக்கம் ஆலையில் நூல் கட்டும் பண்டல் பிரிவுப் பையன்கள் சரவெடியைப் பற்றவைத்துவிட்டார்கள்.

வெடிச் சத்தம் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது. ஓய்ந்த பிறகும் காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. வெடியால் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பின்வரிசையில் ஓர் அம்மா "யாத்தே!" என்று அலறினார். நிமிர்ந்தால் தொட்டிக்கும் பந்தலுக்கும் நடுவில் வானமே கறுத்திருந்தது.

"தேனீ! தேனீ! ஓடுங்கப்பா!"

நாற்காலிகள் சரிந்தன. சேலைத் தலைப்பையும் சட்டையையும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். முதலாளியை யாரோ காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். என் கழுத்தில் முதல் கொட்டு விழுந்தது. நெருப்புக் கங்கை வைத்தது போல இருந்தது. மேடத்துக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வேகமாக நடக்கவே முடியாது. கையைப் பிடித்து இழுத்தேன். குரோட்டன்ஸ் செடி வரிசை வரைக்கும் வந்தவர், கால் மடங்கி விழுந்துவிட்டார்.

"என்னால ஏலாது. நீ போ."

"மாலையக் கழட்டுங்க மேடம்! பூவுக்குத்தான் வருது!"

அது உண்மையா என்று தெரியாது. அப்போது அப்படித்தான் தோன்றியது. மாலையைப் பிடுங்கித் தூர எறிந்தேன். இரண்டு பொன்னாடைகளையும் விரித்து எங்கள் மேல் இழுத்துப் போட்டு, ஓரங்களை முழங்கையால் அமுக்கிக்கொண்டு அவரோடு ஒட்டிப் படுத்தேன்.

உள்ளே மஞ்சள் வெளிச்சம். துணிக்கு மேல் மழை பெய்வது போலத் தேனீக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்து, ஊர்ந்தன. ஜரிகை வழியாக அவற்றின் நிழல் தெரிந்தது. ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்து என் கூந்தலுக்குள் சிக்கி இரைந்தது. அடித்தால் துணி விலகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஆட்சியர் அறையில்கூடக் குரல் உயர்த்திப் பேசுகிற மேடம், என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளையைப் போல முனகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த முனகல் மாறியது. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

"மேடம்? என்ன பண்ணுது?"

"தொண்டைய... அடைக்குது."

என் கையில் பதிந்திருந்த அவர் பிடி தளர்ந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டே அவரைச் சாகவிடப் போகிறேன் என்று நினைத்தேன். கத்தினேன். என் சத்தம் துணியைத் தாண்டியதா என்றுகூடத் தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. யாரோ பந்தம் கொளுத்திப் புகை போட்டார்கள். கம்பளி போர்த்திய இரண்டு பேர் எங்களை அப்படியே துணியோடு தூக்கி ஆம்புலன்சில் போட்டார்கள். மேடத்தின் உதடுகள் வீங்கி, முகமே வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது.

அரசு மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு நர்ஸ் என் தலையிலிருந்தும் முதுகிலிருந்தும் கொடுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வலி தெரியவில்லை. கண் அந்தக் கதவிலேயே இருந்தது. எரியோடு ஊரில் இருக்கும் தங்கள் தோட்டத்திலிருந்து அவர் கணவர் மண் ஒட்டிய காலோடு ஓடி வந்தார்.

"என்னாத்தா ஆச்சு? சாயங்காலம் விருந்து, சீக்கிரம் கெளம்பி வாங்கன்னு தான சொல்லிட்டு வந்தா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் தலைத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் இருவரும் எழுந்தோம். விளக்குப் போடுகிற நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து, "மூச்சு சீராயிருச்சு, பயப்படாதீங்க" என்றார். பயம் உடனே போய்விடவில்லை. அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

விழாவுக்கு வந்தவர்களில் பலருக்குக் கொட்டு. நல்லவேளையாக யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. மண்டபத்தில் மறுபடி விழா வைக்கிறோம் என்று முதலாளி சொல்லியனுப்பியதற்கு, "கூட்டமும் வேணாம், வேட்டும் வேணாம்" என்று மேடம் மறுத்துவிட்டார். நான் அவர் நாற்காலிக்குப் போனேன். எந்த அதிகாரியின் அறைக் கதவையும் தட்டும் முன்னால் இன்றும் ஒரு நிமிடம் வெளியே நின்றுவிடுகிறேன்.

சமீபத்தில் எரியோட்டுக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல சித்திரை வெயில். ஆனாலும் வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வேர்த்து ஊற்ற உட்கார்ந்து காபி குடித்தோம். ஆலைக் கதைகளைக் கேட்டுச் சிரித்தார். கிளம்பும்போது வாசல் வரை வராமல் உள்ளேயே நின்றுகொண்டார்.

"கதவத் தெறக்கும் முன்னாடி, வெளிய எதுவும் பறக்குதான்னு பாத்துட்டுத் தெற ஆத்தா."

நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவருக்காக மட்டும் பார்க்கவில்லை.